வானொலியும் வணிகமும்: இலங்கை வானொலி வரலாறு தரும் பாடம்

திருவள்ளுவர் கல்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வளவில் அமையாது, கேள்விக்கெனவும் வேறோர் அதிகாரம் வகுத்தார். ஏடு கற்கும் வாய்ப்பில்லாதவனும் கற்றார் சொல்வதைச் செவியாற் கேட்டு அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கொள்கை. நம் கோயில் மண்டபங்களில் நிகழ்ந்துவந்த புராணபடனம் இக்கொள்கையின் வழிப்பட்டதே. ஒருவர் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாத முதியோரும் அருகிருந்து கேட்டுப் பயன்பெற்றனர். இருபதாம் நூற்றாண்டிலே தோன்றிய வானொலி இக்கேள்விச் செல்வத்தை ஒரு மண்டபத்தின் எல்லையினின்றும் விடுவித்து, நாடு முழுவதற்கும் பொதுவாக்க வல்ல கருவியாய் அமைந்தது. அக்கருவி யாருடைய பொருளால் இயங்குதல் வேண்டும், யாருக்குக் கடமைப்பட்டதாதல் வேண்டும் என்னும் வினா அது தோன்றிய நாளிலேயே எழுந்தது, இன்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வினாவின் வரலாற்றை, நம் நாட்டின் அனுபவத்தை நடுவாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலுக்கு விலை உண்டு. நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு உண்டு. வானொலிக்கோ வாயிலும் இல்லை, வாயிற்காவலனும் இல்லை. வானிற் பரவிய ஒலியைக் கருவியுடைய எவரும் கேட்கலாம். ஒருவர் கேட்பதால் மற்றவருக்குரியது குறைவதுமில்லை. எனவே கேட்போரிடம் நேரே விலை பெறுதல் அக்காலத்தில் இயலாததாயிற்று. ஒலிபரப்புக்கு ஆகும் செலவை ஈடுசெய்ய இரண்டு வழிகளே பெரும்பாலும் புலப்பட்டன. சட்டத்தின் துணைகொண்டு மக்கள் எல்லாரிடமும் சிறு கட்டணம் அறவிடுதல் ஒன்று. கேட்போரின் செவிகளை வணிகருக்கு விற்றல் மற்றொன்று. முன்னதனின்று பொதுப்பணி ஒலிபரப்பும், பின்னதனின்று வர்த்தக ஒலிபரப்பும் வளர்ந்தன.

அமெரிக்கா பின்னைய வழியை மேற்கொண்டது. நியூயோர்க்கில் இயங்கிய ஒரு நிலையம் 1922 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 ஆந் திகதி, வீடுகள் விற்கும் நிறுவனம் ஒன்றன் விளம்பர உரையைக் கட்டணம் பெற்று ஒலிபரப்பியது. அதே ஆண்டின் இறுதியிற் பிரித்தானியாவில் வானொலிக் கருவி செய்வோர் ஒன்றுகூடி பி. பி. சி. என்னும் கம்பனியை நிறுவினர். கருவி வைத்திருப்போரிடம் ஆண்டுக்கு 10 சிலிங் அனுமதிப்பத்திரக் கட்டணம் பெறப்பட்டது. 1927 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அக்கம்பனி அரச பட்டயம் பெற்ற கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தலைவராய் விளங்கிய ஜோன் ரீத் என்பார், வானொலி மக்களுக்கு அறிவூட்டவும், கல்வி புகட்டவும், மகிழ்வூட்டவும் கடமைப்பட்டது என்னும் கொள்கையை நிலைநாட்டினார். எவ்விடத்தாரும் கேட்கக் கூடியதாதல், பலவகைச் சுவையினருக்கும் இடமளித்தல், வணிகருக்கும் ஆட்சியாளருக்கும் அடிமைப்படாதிருத்தல் ஆகிய பண்புகள் பொதுப்பணி ஒலிபரப்பின் இலக்கணமாகப் பின்னர்க் கொள்ளப்பட்டன.

இலக்கணம் சிறந்ததே, ஆயினும் அதனைக் கையாண்ட முறையில் ஒரு குறை இருந்தது. ரீத் பெருமகனார் சமயப் பற்று மிக்கவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடும் ஆழ்ந்த இசையும் பொருட்செறிந்த உரைகளுமே ஒலிபரப்பாதல் வேண்டும் என்பது அவர் துணிபு. வாரம் முழுவதும் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்துக் களைத்த தொழிலாளி, ஓய்வு கிடைத்த அந்த ஒரு நாளிற் சற்றே மகிழ விரும்பினான் என்பதை அவர் போதிய அளவு எண்ணிப்பார்த்தாரல்லர். விளைவு யாது? பிரான்சின் கரையிலிருந்து நோர்மண்டி வானொலி 1931 இலும், இலக்சம்பேர்க்கு வானொலி 1933 இலும் ஆங்கிலத்தில் ஒலிபரப்பத் தொடங்கின. பிரித்தானிய வணிகரின் விளம்பரப் பணம் கடல் கடந்து சென்றது. நேயர்களின் செவிகளும் அதனைத் தொடர்ந்தன. உள்நாட்டில் விளம்பரத்துக்கு இடமில்லை என்று சட்டம் கூறியது. ஆனால் வானலைகள் சுங்கச்சாவடியில் நிற்பனவல்ல.

இந்நிகழ்ச்சி பின்னர் வேறொரு கடலோரத்தில், இன்னும் விரிந்த அளவில், மீண்டும் நிகழ்ந்தது. அங்கே பிரித்தானியாவின் இடத்தில் இந்தியா நின்றது. இலக்சம்பேர்க்கின் இடத்தில் நின்றது நமது இலங்கை.

இந்திய ஒலிபரப்பு முதலில் ஒரு தனியார் கம்பனியாக 1927 இற் பம்பாயிலே தொடங்கி, மூன்றாண்டுகளுக்குள் நட்டமுற்று ஒழிந்தது. பின்னர் அரசாங்கமே அதனை ஏற்றது. 1936 இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் சூட்டப்பட்டது. தமிழ்ப் பகுதியிற் சென்னை நிலையம் 1938 இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 இலும் தோன்றின. சுதந்திரத்தின் பின், 1952 இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராய்ப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்திலே பேரீடுபாடு கொண்டவர். அரச ஆதரவிழந்து தளர்ந்திருந்த சங்கீத வித்துவான்களுக்கு வானொலி புதிய புரவலனாதல் வேண்டும் என அவர் கருதினார். அக்கருத்திற் பெருமை உண்டு. அவர் காலத்தில் வானொலியால் வாழ்வு பெற்ற கலைஞர் பலர். ஆயின், ஒன்றை வளர்ப்பதற்கு மற்றொன்றை வெளியேற்றுதல் வேண்டும் என அவர் எண்ணியதே பிழையாயிற்று. திரைப்படப் பாடல்களுக்கு நேரம் சுருக்கப்பட்டது. படத்தின் பெயரைக் கூறுதல் விளம்பரமாகும் என்று அது விலக்கப்பட்டது. படத் தயாரிப்பாளர் சினமுற்றுப் பாடல்களை ஒலிபரப்பும் உரிமையை மீட்டுக்கொண்டனர். இந்திய வானொலியிலே திரையிசை ஏறத்தாழ மௌனமாயிற்று.

அவ்வேளையில் இலங்கை வானொலி எந்நிலையில் இருந்தது என்பதை நோக்குதல் வேண்டும். தந்தித் திணைக்களப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர் என்பாரின் முயற்சியாற் பரிசோதனை ஒலிபரப்புக்கள் நடைபெற்ற பின்னர், 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆந் திகதி தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோட் கொழும்பு வானொலியைத் தொடக்கி வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் தன் வீரர்களுக்கென இலங்கையில் ஒரு வானொலி நிலையத்தை நடத்தியது. போர் முடிந்தபின் அதன் ஆற்றல் மிக்க சிற்றலைப் பரப்பிகள் இந்நாட்டு அரசாங்கத்தின் கைக்கு வந்தன. சிறிய தீவொன்றுக்கு அத்துணை வலிமை வேண்டியதில்லை. ஆயினும் ஆசியாவின் பெரும்பகுதிக்கு எட்டக்கூடிய குரல் அதற்கு வாய்த்துவிட்டது. 1949 ஒக்டோபரில் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. அடுத்த ஆண்டு செப்டெம்பர் 30 ஆந் திகதி வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபோட் டொட் அதனை நடத்தினார். திணைக்களத்தின் மேலாளராகவோ பி. பி. சி. யிற் பயின்ற ஜோன் லாம்சன் அமைந்தார். பொதுப்பணி மரபும் வர்த்தக மரபும் கொழும்பு டொரிங்டன் சதுக்கத்திலே ஒரே கூரையின் கீழ்க் குடியிருந்தன எனலாம்.

இந்தியா கதவை அடைத்தது; இலங்கை சாளரத்தைத் திறந்தது. 1952 இன் இறுதியிற் பற்பசை நிறுவனம் ஒன்றன் ஆதரவில் 'பினாக்கா கீதமாலா' என்னும் இந்தித் திரையிசை நிகழ்ச்சி தொடங்கியது. அமீன் சயானி அதனை அறிவித்தார். நிகழ்ச்சி பம்பாயிலே பதிவாகி, விமானமேறிக் கொழும்பை அடைந்து, கொழும்பிலிருந்து வானேறி மீண்டும் பம்பாயை அடைந்தது! இந்தியக் கலைஞர் பாடிய பாடலை, இந்திய அறிவிப்பாளர் அறிமுகஞ் செய்ய, இந்திய நேயர் கேட்பதற்கு, இடையிலே இலங்கை ஒன்று தேவைப்பட்டது. புதன்கிழமை இரவுகளில் வட இந்திய நகரங்களின் தேநீர்க் கடைகளிலே மக்கள் திரண்டு நின்று கேட்டனர் என்பர். அவ்வாறே நம் தமிழ் வர்த்தக சேவை தமிழகம் எங்கும் ஒலித்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரலைக் கண்ணாற் காணாத சுற்றத்தின் குரலாகக் கருதி வரவேற்ற இல்லங்கள் அங்கே மிகப்பல. பிற்காலத்து அறிவிப்பாளர் பலருக்குக் கிடைத்த புகழ் அவர் இட்ட அடித்தளத்தின் மீது எழுந்ததேயாம்.

இவ்வெற்றியை நாம் பெருமிதத்தோடு நினைவுகூர்கின்றோம், அது தகும். ஆனால் வரலாற்று மாணவன் பெருமிதத்தோடு நின்றுவிடலாகாது. அவ்வெற்றியின் இயல்பு யாது என்றும் வினவுதல் வேண்டும்.

வர்த்தக சேவையின் அருகே தேசிய சேவை என ஒன்று இருந்தது. பாடசாலைகளுக்கான பாடங்கள், கமக்காரருக்கான நிகழ்ச்சிகள், அறிஞர் உரைகள், பண்ணிசை, நாடகம் என்பன அதன் பணிகள். இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' என்னும் தொடர் நாடகம் யாழ்ப்பாணத்து நாட்டுப்புறப் பேச்சை அதன் இயல்பு குன்றாது வானலையில் ஏற்றியது. நம் வீட்டு முற்றத்துப் பேச்சும் கலைக்கு உரியதே என்று கேட்போர் அறிந்துகொண்டனர். இத்தகைய ஒன்றை எந்தப் பற்பசை வணிகர் விரும்பி ஆதரிப்பார்? தீவின் வடகோடியில் வாழும் சில இலட்சம் மக்களின் வழக்குமொழி நாடகத்தினும், பல கோடி மக்கள் கேட்கும் பாடலே அவருக்கு இலாபந் தருவது. இது வணிகரின் குற்றமன்று, வணிகத்தின் கணக்கு. அக்கணக்கிலே தலைகள் எண்ணப்படுகின்றன; அத்தலைகளுள்ளும் பொருள் வாங்க வல்ல தலைகளே எண்ணப்படுகின்றன. நெல்லுக்கு நோய் வந்த கமக்காரனும், ஆசிரியர் போதாத மலைநாட்டுப் பாடசாலை மாணவனும், சிறுபான்மை மொழி பேசுவோனும் அக்கணக்கில் இடம்பெறுவது அரிது. அவர்களையும் ஒவ்வொருவராக எண்ணுவதே பொதுப்பணியின் கணக்கு.

இனி, இலங்கை வானொலியின் கடல்கடந்த வெற்றி அயலவர் செய்த பிழையின் மீது எழுந்தது என்பதும் நோக்கற்பாலது. பிழை செய்தவர் திருந்தினால் அவ்வெற்றி தளரும். 1957 ஒக்டோபரில் இந்திய வானொலி 'விவித பாரதி' என்னும் மெல்லிசைச் சேவையைத் தொடங்கியது. திரைப்பாடல் திரும்பி வந்தது. பத்தாண்டு கழித்து அச்சேவையில் விளம்பரமும் புகுந்தது. மக்களைத் திரும்பப் பெறுவதற்கு இந்தியாவுக்கு வேண்டியிருந்தது தன் மக்களின் சுவையை மதிக்கும் மனமே. அம்மனம் வந்ததும் நம் சிற்றலையின் செல்வாக்குப் படிப்படியாகத் தேயலாயிற்று. பழைய நேயர்களின் அன்பு நெடுங்காலம் நீடித்தது. விளம்பரதாரரின் அன்பு அவ்வாறு நீடிப்பதன்று.

பிரித்தானியாவிலோ போட்டி உள்நாட்டிலேயே எழுந்தது. போர்க்காலப் படிப்பினையால் பி. பி. சி. 1945 இல் மெல்லிய நிகழ்ச்சிகளுக்கென ஒரு சேவையையும், 1946 இல் ஆழ்ந்த கலைக்கென வேறொரு சேவையையும் தொடங்கியிருந்தது. 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1955 செப்டெம்பர் 22 ஆந் திகதி வர்த்தகத் தொலைக்காட்சி தோன்றியது. இரண்டொரு ஆண்டுக்குள், இரண்டையும் பார்க்க வசதியுடைய இல்லங்களில் பி. பி. சி. யின் பங்கு நூற்றுக்கு 28 என்னும் அளவுக்கு வீழ்ந்தது. மக்கள் தன்னைப் பாராதபோது அவர்களிடம் கட்டணம் கேட்க அதற்கு என்ன உரிமை என்னும் குரல் எழுந்தது. அந்நிறுவனம் போட்டியாளரைப் போலவே ஆகிவிடவுமில்லை. பழைய பீடத்திலே அசையாது அமர்ந்திருக்கவுமில்லை. நாடகத்தையும் நகைச்சுவையையும் நாட்டு நடப்பாய்வையும் புதுப்பித்து மக்களிடம் மீண்டும் சென்றது. பில்கிங்டன் குழு 1962 இல் அதன் பணியைப் பாராட்டியதன் பயனாக, 1964 இல் இரண்டாவது தொலைக்காட்சி அலைவரிசையும் அதற்குக் கிடைத்தது. அவ்வாண்டே கடலிற் கப்பல்களிலிருந்து இளைஞருக்கான இசையை ஒலிபரப்பும் சட்டப்புறம்பான நிலையங்கள் தோன்றின. 1967 ஆகஸ்டில் அவை தடைசெய்யப்பட்டன. தடை மட்டும் போதாது என்பதை இலக்சம்பேர்க்கு அனுபவத்தால் அறிந்த பி. பி. சி. அடுத்த மாதமே அவ்விசைக்கெனத் தனிச் சேவை ஒன்றைத் தொடங்கியது.

இவ்விடத்தில் 1967 ஆம் ஆண்டின் தனிச்சிறப்பு நம் கவனத்துக்குரியது. அவ்வாண்டு சனவரியில் இலங்கை வானொலி திணைக்கள நிலை நீங்கி, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. செப்டெம்பரிற் பி. பி. சி. இளைஞரின் இசைக்கு இடங்கொடுத்தது. நவம்பர் முதலாந் திகதி இந்திய வானொலி விளம்பரத்தை ஏற்றது. அதே நவம்பரில், வர்த்தக ஒலிபரப்பின் தாயகமாகிய அமெரிக்கா பொது ஒலிபரப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நான்கு நாடுகள் நான்கு திசையினின்றும் புறப்பட்டு, ஓராண்டிலேயே ஒன்றையொன்று நோக்கி நடந்தன! மக்களின் சுவையை இகழ்ந்த நாடுகள் அதனை மதிக்கக் கற்றன; சந்தையையே நம்பிய நாடு சந்தை தாராதவை சில உண்டு என்பதை ஒப்புக்கொண்டது. எந்நாடும் ஒரு வழியை மட்டும் பற்றி நின்று வெற்றிபெறவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வணிகம் ஒன்றே பொதுப்பணிக்கு இடர் என்று கருதுவதும் தவறாகும். கூட்டுத்தாபனம் என்னும் பெயர் சூட்டுவதால் மட்டும் ஒரு நிலையம் ஆட்சியாளரின் பிடியினின்று விடுபடுவதில்லை. எக்கட்சி ஆட்சிபீடம் ஏறினும், வானொலி தன் வெற்றிமுரசாதல் வேண்டும் என்றே விரும்புகின்றது. மக்கள் ஒரு நிலையத்தை ஆட்சியாளரின் ஊதுகுழல் என எண்ணத் தலைப்பட்டால், தனியார் நிலையம் ஒன்று வந்தவுடன் அதனிடம் செல்வர். இலங்கையில் 1990 களிலே தனியார் பண்பலை வானொலிகள் பெருகின. அப்பத்தாண்டின் இறுதியில் தமிழிலும் அவை வந்தன. அவை கலகலப்பையும் இளமைத் துடிப்பையும் கொணர்ந்தன. ஆனால் பாடசாலைப் பாடத்துக்கும் நாட்டுப்புற நாடகத்துக்கும் அவற்றில் இடம் அரிதாயிற்று.

இக்காலத்திலேயே நம் உயர் நீதிமன்றம் இரண்டு முக்கியமான தீர்ப்புக்களை வழங்கியது. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றை நடத்திவந்தது. அறிந்தோர் உரையாற்ற, நேயர் தம் ஐயங்களை எழுப்பிப் பங்குகொள்ளும் முறையில் அது அமைந்திருந்தது. 1995 இல் அந்நிகழ்ச்சி திடீரென நிறுத்தப்பட்டது. அதிற் பங்குகொண்டுவந்த ஒரு நேயர் நீதிமன்றத்தை அணுகினார். நிகழ்ச்சி நடத்தியவருமல்லர், உரையாற்றியவருமல்லர், வெறும் நேயருக்கு என்ன உரிமை என்னும் வினா எழுந்தது. பங்குகொள்ளும் நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என 1996 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை நிறுவ அரசாங்கம் கொணர்ந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என அதே நீதிமன்றம் கண்டது. ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் சபை ஆட்சியாளரின் தலையீட்டுக்கு உட்படாததாதல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அண்டை நாட்டின் உச்ச நீதிமன்றமும் 1995 இல் வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று கூறியிருந்தது.

இம்மூன்று தீர்ப்புக்களையும் முன்கூறிய வரலாற்றோடு இணைத்து நோக்கின், பொதுப்பணி ஒலிபரப்பின் உயிர்நிலை எங்குள்ளது என்பது புலனாகும். விளம்பரம் உண்டா இல்லையா என்பதில் மட்டும் அது இல்லை. அரசாங்கப் பணமா தனியார் பணமா என்பதிலும் மட்டும் இல்லை. கேட்போனை யாராகக் கருதுகின்றோம் என்பதிலேயே அது தங்கியுள்ளது. ரீத்தும் கேஸ்கரும் அவனைத் திருத்தப்பட வேண்டிய மாணவனாகக் கருதினர். அவன் எழுந்து அடுத்த வகுப்புக்குச் சென்றுவிட்டான். வணிகர் அவனை வாங்குவோனாகக் கருதுகின்றனர். வாங்க இயலாதவனை மறந்துவிடுகின்றனர். ஆட்சியாளர் அவனை வாக்காளனாக மட்டும் கருதுகின்றனர். தேர்தல் முடிந்ததும் அவன் குரல் வேண்டப்படுவதில்லை. இம்மூவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். அவனுக்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு என்பதை மறப்பதே அப்பிழை.

இன்று வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. பி. பி. சி. யின் கட்டண முறையே இனித் தொடருமா என்னும் விவாதம் அந்நாட்டில் நிகழ்கின்றது. அதன் நடைமுறையிலுள்ள பட்டயம் 2027 இன் இறுதியில் முடிவுறும். விளம்பரப் பணம் வானொலியை விட்டு இணையத்துக்குப் பாய்ந்தோடுகின்றது. கருவிகள் மாறினும் பழைய கணக்கு மாறவில்லை. எது பலரால் விரும்பப்படுகின்றதோ அதுவே முன்வைக்கப்படுகின்றது; சிலருக்கு மட்டும் இன்றியமையாதது பின்தள்ளப்படுகின்றது. சிறிய மொழியினருக்கும், சிறிய ஊர்களுக்கும், வறிய பாடசாலைகளுக்கும் இது வெறும் கொள்கை விவாதமன்று. தம் பேச்சு அடுத்த தலைமுறையின் செவியில் விழுமா என்பதே அவர்கள் முன்னுள்ள வினா.

தமிழிலே கேள்வி என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. கேட்டறிதலும் கேள்வி, வினாவுதலும் கேள்வி. வள்ளுவர் அதிகாரம் முற்பொருளில் அமைந்தது. நீதிமன்றத்தை அணுகிய அந்த நேயர் பிற்பொருளை நமக்கு நினைவூட்டினார். தம் செவிக்கு வரும் நிகழ்ச்சி ஏன் வருகின்றது, வந்துகொண்டிருந்தது ஏன் நின்றது, யாருடைய பணத்தால் வருகின்றது, யாரை விட்டுவிட்டு வருகின்றது என்று வினவும் மக்கள் உள்ள நாட்டிலேயே பொதுப்பணி ஒலிபரப்பு வாழும். அத்தகைய மக்களை உருவாக்குதல் வானொலியால் மட்டும் ஆவதன்று. அது பாடசாலையின் கடன். நம் மாணவர் முதலாம் வகைக் கேள்வியில் வல்லவர். இரண்டாம் வகைக் கேள்வியிலும் வல்லவராக அவர்களைப் பயிற்றுதல் ஆசிரியராகிய நம் பொறுப்பாகும்.